கல்லைத் தின்று செரிக்கும் வயிறு

"கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயது" என்று இளம்பிள்ளைகளைப் பார்த்து நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். மனிதர்களைப் பொறுத்தவரை அது பேச்சு வழக்கு. பறவைகளைப் பொறுத்தவரை அது அப்படியே உண்மை. பல்லில்லாத பறவை, தான் விழுங்கிய தானியத்தை அரைப்பதற்காகச் சிறு கற்களைத் தேடிப் பொறுக்கி விழுங்குகிறது. பழனி மலையின் மேல்மலைக் கிராமங்களிலும் கொடைக்கானல் நகரத்திலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவள் என்ற முறையில், எத்தனையோ கோழிகளின் வயிற்றை அறுத்துப் பார்த்து, அந்த அமைப்பை வியந்திருக்கிறேன். அதே அமைப்புதான் ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற கன உலோகங்களுக்கு முன்னால் பறவையை இத்தனை எளிதில் வீழ்த்திவிடுகிறது என்பதை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு வாத்து.

கொடைக்கானல் ஏரிக்கு அருகில் குடியிருந்த ஒரு பாட்டி நான்கைந்து வாத்துகள் வளர்த்துவந்தார். பகலெல்லாம் கரைச் சேற்றில் மேய்ந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் தாமாகவே வீடு திரும்பும் வாத்துகள் அவை. ஒரு மார்கழி மாதத்தில் அவற்றுள் ஒன்றைப் பழைய கம்பளியில் சுற்றி எடுத்துவந்தார். கழுத்து நிற்கவில்லை, தலை முதுகின் மேல் சாய்ந்து கிடந்தது. பாசியைக் கரைத்தது போன்ற பச்சை எச்சம் வாலடி இறகுகளில் ஒட்டிக் காய்ந்திருந்தது. மார்பைத் தடவிப் பார்த்தபோது சதை முழுவதும் வற்றி, நெஞ்செலும்பின் விளிம்பு கத்தி போலக் கையில் தட்டுப்பட்டது. குடற்புழுவாக இருக்கும் என்று நினைத்து மருந்து கொடுத்தேன். மறுநாள் விடிவதற்குள் அது இறந்துவிட்டது. பாட்டியிடம் சொல்லிவிட்டு அறுத்துப் பார்த்தேன்.

உணவுக்குழாயின் அடிப்பகுதியும் அதற்கடுத்த முன் இரைப்பையும் நெல்லும் புல்லுமாக அடைத்து உப்பியிருந்தன. நெல்மணிகள் அப்போதுதான் கொத்தியவை போல முழுமுழுதாக, உமிகூடக் கழலாமல் இருந்தன. அடுத்து அரைவைப்பையைப் பிளந்தேன். கோழிக் கறிக்கடையில் இரண்டாகப் பிளந்து, உள்ளே ஒட்டியிருக்கும் மஞ்சள் தோலை உரித்துத் தருவார்களே, அந்தத் தடித்த சதைப் பைதான் அரைவைப்பை. இந்த வாத்துக்கு அந்த மஞ்சள் தோல் கரும்பச்சையாக மாறி, காய்ந்த குளத்து வண்டல் போல வெடித்திருந்தது. பித்தப்பை பெருத்திருந்தது; குடலில் ஒரு வாய் உணவுகூட இறங்கவில்லை. பைக்குள் கிடந்த கற்களைக் கிண்ணத்தில் இட்டுக் கழுவியபோது, ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கனமாக அடியில் போய் விழுந்தது. மிளகைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, சாம்பல் நிறத்தில் இருந்தது; நகத்தால் கீறிய இடம் வெள்ளியாகப் பளிச்சிட்டது. நரம்பு நுழைத்து இறுக்கும் பிளவின் தடம் இன்னும் அழியவில்லை. தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு அது.

"வயிறு முட்டத் தீவனம் கெடக்கு. இதப் போயி பட்டினியில செத்துச்சுன்னு சொல்றீகளே, டாக்டரம்மா?" என்று பாட்டி கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதன் பிறகு படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றைச் சேர்த்து, அந்தக் கேள்விக்கு இப்போது விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகங்களுக்குப் புழங்குகிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது; நான் இங்கே பேசுவது காரீயத்தைப் பற்றி. தூண்டில் குண்டு, பழைய எண்ணெய் வண்ணப்பூச்சு, வாகன பேட்டரி, நாட்டுத் துப்பாக்கி ரவை ஆகியவற்றில் இருப்பது காரீயம். உலோகமும் புளிப்பும் சேரக் கூடாது என்பது நம் சமையலறைகளுக்குப் புதிய செய்தி அன்று. பூச்சு தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு இறங்கிவிடும் என்று நம் பாட்டிமார்கள் எச்சரித்ததும், அதற்காகவே ஊருக்குள் ஈயம் பூசுகிறவர்கள் வந்து போனதும் அதனால்தான். பறவையின் வயிறு என்பது ஓயாமல் புளிப்பு சுரக்கிற பாத்திரம். முன் இரைப்பையின் சுவரில் உள்ள சுரப்பிகள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் புரதத்தைப் பிரிக்கும் பெப்சினையும் சுரக்கின்றன. அவற்றில் நனைந்த உணவு அரைவைப்பைக்குள் இறங்கி, அங்குள்ள கற்களோடு சேர்ந்து அரைபடுகிறது. அரைபட்டது மீண்டும் மேலேறி அமிலத்தில் நனைந்து மறுபடியும் கீழே வருகிறது. ஆட்டுக்கல்லில் மாவாட்டும்போது கையால் தள்ளித் தள்ளிக் கொடுப்பதைப் போன்ற வேலை இது. அங்கே நிலவும் அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றுக்கு ஈடானது.

இந்த ஆட்டுக்கல்லில் ஓர் ஈயக்குண்டு விழுந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மென்மையான உலோகமாகிய ஈயத்தைச் சுற்றியுள்ள கூழாங்கற்கள் தேய்க்கின்றன. தேய்ந்த புதுப்பரப்பை அமிலம் கரைக்கிறது. கரைந்தது குடல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. நம்மில் ஒருவர் தவறி ஈயக்குண்டை விழுங்கினால், பெரும்பாலும் அது சில நாட்களில் வெளியேறிவிடும். பறவையின் வயிறோ கற்களைத் தங்கவைத்து அரைப்பதற்கென்றே அமைந்தது. ஆகையால் குண்டையும் வாரக்கணக்கில் தங்கவைத்து அரைக்கிறது.

இரத்தத்தில் ஏறிய ஈயம் பல உறுப்புகளைத் தாக்குகிறது. இரத்தச் சிவப்பணுவுக்கு வேண்டிய ஹீம் என்னும் பொருளை உருவாக்கும் நொதியை முடக்கிச் சோகையை உண்டாக்குகிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, மூளையை வீங்கச் செய்கிறது. ஆயினும் அந்த வாத்தின் கதைக்கு விடை நரம்பில் இருக்கிறது. தலையிலிருந்து இறங்கி இரைப்பைக்கும் குடலுக்கும் அசைவைத் தருகிற வேகஸ் நரம்பை ஈயம் செயலிழக்கச் செய்கிறது. நரம்பு ஓய்ந்ததும் முன் இரைப்பை சுருங்கி விரிவதில்லை; அரைவைப்பை அரைப்பதில்லை. விழுங்கிய நெல் விழுங்கிய இடத்திலேயே நிற்கிறது. மேலே பசியோடு பறவை இன்னும் சில நாட்கள் கொத்துகிறது. அதுவும் போய் மேலேயே அடைகிறது. கீழே குடலுக்கு ஒன்றும் வந்து சேராததால், உடல் தன் கொழுப்பையும் பிறகு மார்புச் சதையையும் தின்று தீர்க்கிறது. உணவே கலக்காத பித்தநீர்தான் அந்தப் பச்சை எச்சம். பாட்டி பார்த்தது நிறைந்த வயிறு; நான் பார்த்தது பட்டினிச் சாவு. இரண்டு பேரும் சரியாகத்தான் பார்த்தோம்.

இந்த நோய் நமக்குப் புதிதாக இருக்கலாம், உலகுக்குப் பழையது. இங்கிலாந்தின் ஆறுகளில் அன்னங்கள் கழுத்து மடங்கி, உணவுக்குழாய் அடைத்து இறந்தபோது, தூண்டில்காரர்கள் கரையில் சிந்திவிட்டுப் போன ஈயக்குண்டுகளே காரணம் என்று கண்டறிந்து, 1987-இல் அங்கே சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவைகளைப் பயன்படுத்துவது 1991 முதல் நாடு முழுவதும் நின்றது. அங்கே வாத்துகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில் தெரியவந்த ஒன்று என் அனுபவத்தோடு நன்றாகப் பொருந்துகிறது: ஒரே அளவு ஈயத்தை விழுங்கினாலும், மக்காச்சோளம் மட்டும் தின்ற வாத்துகள் விரைவில் இறந்தன; புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த தீவனம் கிடைத்தவை அதிகமாகத் தாக்குப்பிடித்தன. வயிற்றுக்குள் விழுந்த நஞ்சின் வலிமையைக் கூடவே விழுந்த உணவும் தீர்மானிக்கிறது.

பிணம் தின்னும் பறவைகளின் நிலை இன்னும் கடினமானது. அழுகிய இறைச்சியோடு வரும் கிருமிகளைக் கொல்வதற்காகப் பாறுகளின் வயிற்றில் மிகக் கடுமையான அமிலம் சுரக்கிறது. அந்த அமிலத்துக்கு, வேட்டையில் அடிபட்ட விலங்கின் சதைக்குள் சிதறியிருக்கும் ஈயத் துணுக்குகளைக் கரைப்பது பெரிய வேலை இல்லை. கலிபோர்னியாவின் காண்டோர் பாறுகள் 1987-இல் வெறும் 27 மட்டுமே எஞ்சியிருந்தன. அத்தனையையும் பிடித்துக் கூண்டில் இனப்பெருக்கம் செய்வித்து, 1992 முதல் மீண்டும் காட்டில் விட்டார்கள். விட்ட பறவைகளை அதிகமாகக் கொன்றது ஈயம்தான். அவற்றை அவ்வப்போது பிடித்து, இரத்தத்தைச் சோதித்து, ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தை ஊசி மூலம் செலுத்தித்தான் காப்பாற்றிவருகிறார்கள். வேட்டையில் ஈயத் தோட்டாக்களைக் கலிபோர்னியா 2019-இல் முழுமையாகத் தடை செய்தது. நம் பக்கத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளைக் குறைத்தது மாட்டுக்கு வலி தீரப் போட்டு, அந்த மாட்டின் பிணத்தைத் தின்றபோது பாறுகளுக்குள் போன டைக்ளோஃபெனாக் மருந்து. அங்கே குற்றவாளி உலோகம் அன்று. ஆனாலும் அதே வகை வயிறுதான் அவற்றுக்கும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. எஞ்சியிருக்கும் சிலவற்றுக்கு இரண்டாவது எதிரியை நாம் உண்டாக்கிவிடக் கூடாது.

ஈயக்குண்டு கண்ணுக்குத் தெரிகிற எதிரி. கரைந்த வடிவில், மண்ணிலும் நீரிலும் புழுவிலும் கலந்து வருகிற உலோகத்தைப் பறவையின் குடல் எப்படி உள்ளே விடுகிறது என்பது எனக்கு நெடுநாள் புதிராக இருந்தது. விடை, ஆள்மாறாட்டம். உடலுக்குத் தேவையான தாதுக்களின் வேடத்தில் இந்த உலோகங்கள் வருகின்றன. ஈயம் கால்சியத்தைப் போல நடித்து, கால்சியத்துக்கென்று குடலில் திறந்துவைத்த வாசல் வழியாக நுழைகிறது. காட்மியம் துத்தநாகத்தின் இடத்தில் போய் உட்காருகிறது. புரதத்தைச் செரிக்கும் கார்பாக்சிபெப்டிடேஸ் போன்ற நொதிகள் துத்தநாகத்தை நம்பியிருப்பவை. சகதி நுண்ணுயிர்கள் பாதரசத்திலிருந்து உண்டாக்கும் மெத்தில் பாதரசமோ ஓர் அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு மெத்தியோனின் என்னும் இன்னோர் அமினோ அமிலத்தைப் போலத் தோற்றம் காட்டுகிறது. புரதச் சத்தென்று எண்ணிக் குடல் அதனை ஏற்றுக்கொள்கிறது. குடலின் உட்சுவருக்குத் தற்காப்பும் உண்டு. காட்மியம் போன்றவற்றைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தை அங்குள்ள உயிரணுக்கள் உருவாக்குகின்றன. அந்த உயிரணுக்கள் சில நாட்களில் உதிரும்போது, கட்டுண்ட உலோகமும் எச்சத்தோடு வெளியேறுகிறது. சிறிதளவு நஞ்சென்றால் இந்த ஏற்பாடு போதும். அன்றாடம் வந்துகொண்டே இருந்தால், சத்தை உறிஞ்சும் குடல் விரலிகள் சிதைந்து குட்டையாகின்றன. தின்றதில் பாதி ஒட்டாமல் போகிறது. இறந்து விழாமல், இளைத்துக்கொண்டே, முட்டை குறைந்துகொண்டே ஒரு பறவை இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்ந்துவிடவும் கூடும். அந்த வாழ்வை எந்தக் கணக்கெடுப்பும் பதிவு செய்வதில்லை.

இந்த ஆள்மாறாட்டத்துக்கு நம் மலை இடம் கொடுக்கிறது என்பதுதான் என் கவலை. பழனி மலையின் அடிப்பாறை சார்னோகைட். அதிலிருந்து உருவாகி, பல்லாயிரம் ஆண்டு மழையில் அலசப்பட்ட மேல்மலை மண் புளிப்பு மண். சுண்ணாம்புச் சத்து குறைந்த மண். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விவசாயிகள் நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவது அதனால்தான். கால்சியம் பற்றாத உடலில் குடல் அந்த வாசலை இன்னும் அகலமாகத் திறந்துவைக்கிறது. ஈயமும் காட்மியமும் அதே வாசலில் அதிகமாக நுழைகின்றன. முட்டையிடும் காலத்துப் பெட்டைக்கு இந்தத் தேவை பல மடங்கு கூடுகிறது. நம் வீட்டுப் பெட்டைக் கோழிகள் அந்த நாட்களில் சுண்ணாம்புச் சுவரைக் கொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய மலை பங்களாக்களின் சன்னல் சட்டங்களில் பல தலைமுறை எண்ணெய் வண்ணம் உரிந்து கிடக்கிறது. அந்தக் காலத்து வண்ணத்தில் ஈயம் தாராளமாக இருந்தது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் அடக்கும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. சுவரடியில் கொத்துகிற கோழிக்கும் புள்ளிப்புறாவுக்கும் சுண்ணாம்புச் சில்லு எது, ஈய வண்ணச் சில்லு எது என்று எப்படித் தெரியும்? பின்லாந்தில் ஹர்யாவல்தா என்னும் ஊரின் செம்பு உருக்காலைக்கு அருகில் ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள். அங்கே உலோகத்தோடு கால்சியக் குறைவும் கூடியபோது முட்டையின் ஓடு மெலிந்தது, குஞ்சுகள் குறைந்தன. குஞ்சுகளின் எச்சத்தைச் சேகரித்தே அவர்கள் உலோகத்தை அளந்தார்கள் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். ஒரு பறவையையும் கொல்லாமல் செய்யக்கூடிய ஆய்வு அது.

கொடைக்கானலில் இருந்துகொண்டு கன உலோகம் பற்றி எழுதிவிட்டுப் பாதரசத்தைப் பேசாமல் போக முடியாது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவந்து நிறுவப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை, மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு கிடந்தது வெளிப்பட்டு, மக்கள் போராடியதையடுத்து, 2001 மார்ச்சில் மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் எட்டப்பட்டது. அவர்களுடைய துயரமே இந்த விஷயத்தில் முதன்மையானது. பறவைகளைப் பற்றிப் பேசுவதால் அதைச் சிறியதாக்குவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆனால் அந்தத் தொழிற்சாலை நின்ற மேட்டிலிருந்து மழைநீர் இறங்குவது பாம்பார் சோலைக்குள். அங்கிருந்து ஓடை கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் போகிறது. தொழிற்சாலையைச் சுற்றியிருந்த மரப்பாசிகளிலும் பாறைப்பாசிகளிலும் பாதரசம் படிந்திருந்ததை 2003-இலும், ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் அது இருந்ததை 2006-இலும் ஆய்வுகள் வெளியிட்டன.

உருளும் வெள்ளித் துளியாகத் தெரியும் பாதரசத்தை ஓர் உயிர் விழுங்கினால், குடல் அதைப் பெரும்பாலும் அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. காற்றுப் புகாத சகதியில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும்போதுதான் நிலைமை தலைகீழாகிறது. உண்டதில் ஏறத்தாழ எல்லாமே குடலால் உறிஞ்சப்படுகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரில் கலந்து குடலுக்குள் வெளியேற்றப் பார்க்கிறது. குடலோ வெளியே போகிற வழியிலேயே மறுபடியும் அதை உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடுகிறது. செரிமானப் பாதையே நஞ்சைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவரும் செக்காகிவிடுகிறது. பறவைக்கு இதிலிருந்து தப்பிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன: ஒன்று, வளரும் இறகு, மற்றொன்று, பெட்டை இடும் முட்டை. உடலில் சேர்ந்த பாதரசத்தின் பெரும்பங்கை இறகுகள் வாங்கிக்கொள்கின்றன. அமெரிக்காவில் பெரிய கொக்குக் குஞ்சுகளுக்கு மெத்தில் பாதரசம் கொடுத்து வளர்த்துப் பார்த்தபோது, அவற்றின் பசி குறைந்து எடை சரிந்தது. இறகு வளரும் வரை ஓரளவு தாங்கிய உடலில், இறகு வளர்ந்து முடிந்ததும் இரத்தப் பாதரசம் ஏறியது. கூட்டைவிட்டுப் பறந்து சொந்தமாக இரை தேடப் பழகும் வயதும் அதுதான். பசிக்க வேண்டிய வயதில் பசி குறைவது எத்தனை பெரிய கேடு என்பதை, குஞ்சு வளர்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மீன் தின்னும் பறவைக்குத்தான் பாதரச ஆபத்து என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். வர்ஜீனியாவில் ஒரு தொழிற்சாலை 1929 முதல் 1950 வரை கசியவிட்ட பாதரசம் படிந்த சவுத் ஆற்றங்கரையில், மீனைத் தொடாத, காட்டுத்தரையில் பூச்சி பொறுக்கும் சிறு பாடும் பறவைகளின் இரத்தத்திலும் பாதரசம் மிகுந்திருந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவை சிலந்திகள். சிலந்தி வேறு பூச்சிகளைத் தின்பது. ஆகவே நஞ்சு அங்கே ஒரு படி கூடிவிடுகிறது. அதைப் படித்த நாளிலிருந்து பாம்பார் சோலைக்குள் நடக்கும்போது என் பார்வை மாறிவிட்டது. வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி (பெயரில் கிளி இருந்தாலும், அது நீலச் சாம்பல் நிறத்துச் சிறு பூச்சியுண்ணி) சோலையின் இருட்டுத் தரையில் உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பொறுக்குவது சிலந்திகளையும் பூச்சிகளையும்தான். சீகாரப் பூங்குயில் ஓடைப் பாறையில் நண்டை அடித்து உடைத்துத் தின்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உயர்ந்த மலைகளில் மட்டும் வாழும் பழனிச் சிரிப்பான், பழத்தோடு பூச்சியும் தின்று குஞ்சு வளர்க்கிறது. தொழிற்சாலை மண்ணைக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவு வரை சுத்தம் செய்தால் போதும் என்று வகுத்தபோது, அது தளர்வான அளவென்று ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் வாதாடினார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். நாம் அந்த மண்ணின் மேல் நடக்கிறோம். சோலைக்கிளியோ நாள் முழுவதும் அந்த மண்ணை அலகால் கிளறி, அதிலிருந்தே உண்கிறது. அளவு வகுக்கும் மேசையில் அதற்கும் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

செம்பையும் துத்தநாகத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழ்மலைக் காபித் தோட்டங்களுக்குச் செம்பு உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையும், நீலகிரித் தேயிலைக்குக் கொப்புள நோய் வராமல் இருக்கச் செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியும் காலங்காலமாகத் தெளிக்கப்படுகின்றன. உடலுக்குச் சிறிதளவு செம்பு வேண்டும். மிகுந்தால் அரைவைப்பையின் அந்த மஞ்சள் தோலை அரித்துப் புண்ணாக்கும். கோழித் தீவனத்தில் செம்பு உப்பைக் கூடுதலாகக் கலந்துவிட்ட இடங்களில் அந்தப் புண்ணை நானே பார்த்திருக்கிறேன். துத்தநாகம் மிகுந்தால் கணையம் கெடுகிறது. மாவையும் கொழுப்பையும் புரதத்தையும் பிரிக்கும் நொதிகள் அங்கிருந்துதான் வர வேண்டும். அமெரிக்காவின் பழைய துத்தநாகச் சுரங்கப் பகுதியில் இறந்த காட்டு வாத்துகளில் கணையச் சிதைவே முதன்மையாகக் காணப்பட்டது. நீலகிரி மாவட்டப் பறவைகளின் உடலில் உலோகங்களை அளந்த ஆய்வொன்று 2011-இல் வெளிவந்திருக்கிறது. பழனி மலைப் பறவைகளுக்கும் அத்தகைய ஆய்வு ஆண்டுதோறும் தொடர வேண்டும் என்பது என் விருப்பம்.

காட்டில் இத்தகைய சாவுகள் நம் கண்ணில் படுவதில்லை. நலிந்த பறவை புதருக்குள் ஒதுங்குகிறது. அன்று இரவே கீரியோ மரநாயோ அதை எடுத்துவிடுகிறது. சாலையோரம் கிடப்பதை வண்டியில் அடிபட்டதென்று கடந்துபோகிறோம். வத்தலக்குண்டு மலைச்சாலை ஓரத்தில் விடியற்காலையில் காட்டுக்கோழிகள் வந்து மணற்கல் பொறுக்குவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நின்றுவிட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் புகையோடு படிந்த ஈயம் மக்கி மறைகிற பொருள் இல்லை. ஆகவே இறந்த பறவையைக் கண்டால் எனக்காக ஒன்று செய்யுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். காட்டுப் பறவையை எடுத்துப்போவது சட்டப்படி குற்றம், எனவே எடுத்துவரவும் வேண்டாம். ஒரு குச்சியால் புரட்டி, நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு இருக்கிறதா, வாலடி பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து, படமெடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துப் பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள். மேலே காயமில்லாமல், உள்ளே சதையில்லாமல் கிடக்கும் பறவை வண்டியில் அடிபட்டதாக இருக்காது.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. அவருடைய பேரன் ஏரியில் தூண்டில் போடுகிறவன். பாட்டியின் வாத்து வயிற்றில் எடுத்த குண்டை இன்றும் ஒரு சிறிய மருந்துக் குப்பியில் வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இப்போது அவன் ஈயத்துக்குப் பதிலாக மெக்கானிக் கடையில் வாங்கிய சிறிய இரும்பு நட்டுகளைக் கட்டுகிறான். "ஈயம் மாதிரி நேரா எறங்க மாட்டேங்குது டாக்டரம்மா, கொஞ்சம் இழுக்குது. ஆனா மீனு விழுகுது" என்றான்.

சென்ற சித்திரையில் ஏரி நீர் வற்றிக் கரை அகன்றிருந்த ஒரு காலையில், தூண்டில்காரர்கள் வழக்கமாக உட்காரும் இடத்துச் சேற்றை நாங்கள் இருவரும் கம்பிச் சல்லடையில் அள்ளி அலசினோம். உடைந்த கண்ணாடி, சோடா மூடிகள், அறுந்த நரம்புச் சிக்கல்கள், அவற்றின் நடுவே ஒரு கைப்பிடி ஈயக்குண்டுகள். சில புதியவை; சில வெள்ளைப் பூச்சு ஏறிப் பழையவை. அளவிலும் நிறத்திலும் அதே சேற்றில் கிடந்த கூழாங்கற்களிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க எனக்கே மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. பொழுது நன்றாக விடிந்த பிறகுதான் கவனித்தேன்: நாங்கள் மிதிக்காத ஈரத்தில், தண்ணீர் விளிம்பை ஒட்டி, தாழைக்கோழியின் நீண்ட விரல் தடங்கள் வரிசையாக எங்களுக்கு முன்பே அந்த இடத்துக்கு வந்து, அங்கங்கே நின்று நின்று போயிருந்தன.